வேகமானி இருந்த இடத்தில் ஒரு பசு

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்குள் ஒரு எழுதாத சட்டம் உண்டு: ஓட்டுகிறவர் முன்னால் வரும் கருவிப் பலகையை, அதாவது பேனலை, கடைசியில் செய். இறக்கையும் வாலும் எந்தக் காலத்திலும் இறக்கையும் வாலும்தான். பேனலில் பொருத்துகிற கருவிகள் அப்படியில்லை, இன்றைக்கு வாங்கினால் பிரித்துப் பார்ப்பதற்குள் பழசாகிவிடும். அதனால் எங்கள் விமானமும் ஆறு குளிர்காலம் முகம் இல்லாமல்தான் நின்றது. எஞ்சின் ஏறி, மேல்கண்ணாடி பொருத்தி, சக்கரங்களில் காற்றடித்த பிறகுதான் பேனல் பேச்சே வந்தது. அதை வரைகிற பொறுப்பு என்னுடையது.

நான் மரக்கடையில் சமையலறை வரைந்து கொடுப்பவள். எந்த இழுப்பறையை எந்தக் கை திறக்கும், கொதிக்கும் பாத்திரத்தோடு எத்தனை தூரம் திரும்பலாம் என்பதுதான் என் பிழைப்பு. "அடுப்புக்குப் பதிலா எஞ்சின். மத்தபடி எல்லாம் ஒண்ணுதான், கிச்சன்காரி" என்று சொல்லித்தான் என் அண்ணன் வெர்லின் இதை என் தலையில் கட்டினான்.

விமானத்தில் இரண்டே சீட்டு, பக்கம் பக்கமாக. இடது சீட்டு ஓட்டுகிறவருக்கு, வலது சீட்டு கூட வருகிறவருக்கு. முதல் தகட்டை வெட்டிய அன்றே வெர்லின் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். "இது பறக்கறப்ப நீயும் பைலட்டாயிருப்ப. இடது சீட்டு ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் உனக்கு." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் விமானக் கொட்டகையான ஹேங்கரில் மூச்சு புகையாகிற குளிரில் நான் ரிவெட் அடித்தேன். விரல் நகங்கள் கறுத்தன. என் மகள் பிரிட்டாவின் பிறந்தநாள்களில் பாதிக்கு அலுமினியத் தூளோடுதான் போய் நின்றேன்.

பேனலை முதலில் அட்டையில் செய்வோம். பேனல் அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி, அது நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு காகித வட்டத்தைக் குண்டூசியால் குத்தி வைப்போம். பிறகு சீட்டில் உட்கார்ந்து, வாயால் எஞ்சின் சத்தம் போட்டுக்கொண்டே, ஏரியைச் சுற்றி ஒரு கற்பனைப் பயணம். கை போகிற இடத்தில் பொருள் இல்லையென்றால் ஊசியைப் பிடுங்கி மாற்றுவோம். பேரன் பேத்தி எடுத்தவர்கள் உதட்டைக் குவித்து 'டர்ர்ர்' என்று உறுமுவதைப் பார்த்து எங்கள் ஹேங்கர் வரிசையில் யாரும் சிரிப்பதில்லை. எல்லாரும் செய்கிறதுதான்.

வெர்லின் அந்தப் பிப்ரவரி மாதக் குளிரில் அட்டைமுன் உட்கார்ந்து கேட்டவை கொஞ்சம் விசித்திரமாக இருந்தன.

"எஞ்சின் டயல் எல்லாத்தையும் கொஞ்சம் திருகி வை நோரீன்."

"எதுக்கு? எண்ணெல்லாம் சாய்ஞ்சு போயிருமே."

"போகட்டும். எஞ்சின் ஒழுங்கா ஓடறப்ப எல்லா முள்ளும் நேரா மேல பாக்கணும். ரேஸ் ஓட்டறவங்க அப்படித்தான் வெப்பாங்க. எண்ணைப் படிக்கவே வேணாம்."

"நீ எப்பலேருந்து ரேஸ் ஓட்டற? டிராக்டர்ல போறப்ப உன்னை வாத்து முந்திட்டுப் போகும்."

"வாத்து பறக்கும். அதான் முந்துது." அவன் அசரவில்லை. "அப்புறம் ஸ்விட்ச் தலை எல்லாம் ஒரே மாதிரி வேணாம். பம்புக்கு உருண்டை, விளக்குக்கு முக்கோணம், ரேடியோவுக்கு சொரசொரப்பா ஏதாவது."

"இது விமானமா, குழந்தைங்க விளையாட்டுச் சாமானா?"

"உயரத்தை வாயால சொல்ற பெட்டி ஒண்ணு வருது. அதுவும் வேணும்."

கடைசியாக என் பக்கத்தைக் காட்டினான். வலது சீட்டுக்கு முன்னால் பெரிதாக ஒரு வேகமானி, பெரிதாக ஒரு உயரமானி. அவன் பக்கம் இருப்பவற்றைவிடப் பெரியவை.

"ரெண்டு ரெண்டா? எடை ஏறுமே."

"உனக்குத்தான். படிக்க வசதியா இருக்கணும்ல."

அண்ணனுக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போது கன்னம் சுடுகிறது.

கருவியைப் பார்த்து வாய்விட்டுப் படித்துச் சொல்வது எனக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருந்தது. எங்கள் விமானம் தயாராகும்வரை வெர்லினின் பழைய நான்கு சீட்டு விமானத்தில் நாங்கள் பறந்தோம். இரண்டு கோடையாக அவன் எனக்குப் பாடம் நடத்தினான். "வேகம் சொல்லு." சொல்வேன். "உயரம்?" சொல்வேன். இறங்கும்போது, "ஓடுபாதை எப்படித் தெரியுது?" என்பான்.

"நீளமா, எழுந்து நிக்கற மாதிரி."

"அப்ப நாம என்ன உயரத்துல இருக்கோம்?"

"ஜாஸ்தி உயரத்துல."

"கெட்டிக்காரி." உடனே எஞ்சினைக் குறைப்பான். சக்கரம் தரையைத் தொட்டதும் என் முழங்காலில் தட்டுவான். "நீ பாதி பைலட் ஆயிட்ட." மரக்கடையில் அலமாரிக் கதவு பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மீதிப் பாதிக்காக மெர்லிடம் போனேன். மெர்ல் எங்கள் விமானம் கட்டுவோர் சங்கத்தின் தலைவர். ஓட்டக் கற்றுக்கொடுக்க உரிமம் உள்ளவர். "இந்தக் கோடை நெறைய ஆளு இருக்கும்மா, அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். அடுத்த வருடம் இடுப்புவலி என்றார். அதற்கப்புறம் "வெர்லின்தான் நல்லா சொல்லித் தர்றானே, என்ன அவசரம்" என்றார். நானும் நம்பினேன்.

*

மாதத்தில் ஒரு சனிக்கிழமை சங்கத்து ஹேங்கரில் காலைச் சாப்பாடு. பெரிய தகட்டு அடுப்பில் மெர்ல் பான்கேக் சுடுவார், ஹார்லன் தொத்திறைச்சி வறுப்பார். யாராவது பேனல் அட்டையை முடித்திருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் ஹேங்கரில் அவர்களுக்குக் கண்கட்டுச் சோதனை. கண்ணைக் கட்டிச் சீட்டில் உட்கார வைத்து, சுற்றி நிற்பவர்கள் கருவிகளின் பெயரைக் கத்துவார்கள். உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டித் தொட வேண்டும். மூன்று தவறினால் அன்றைய பாத்திரம் முழுவதும் அவர் தலையில். எங்கள் சங்கத்தில் இதுவரை பாத்திரம் கழுவாமல் தப்பித்தவர் கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. கண் கட்டியிருக்கும்போது யாராவது பேனலில் ஒரு குறும்பு செய்து வைப்பார்கள். போன வருடம் ஹார்லனின் திசைகாட்டி இருந்த இடத்தில் ஒரு ரப்பர் எலி. கட்டை அவிழ்த்ததும் அவர் போட்ட கூச்சலில் மெர்லுக்குச் சிரித்துச் சிரித்துப் பல்செட் கழன்று காப்பிக் கோப்பைக்குள் விழுந்தது.

இந்த முறை குறும்பு என்னுடையது. வேகமானி அளவுக்கே ஒரு காகித வட்டம் வெட்டி, அதில் ஒரு பசுவை வரைந்தேன். வெர்லினின் பச்சைத் தொப்பி, வெர்லினின் மீசை, வெளியே தொங்கும் நாக்கு. பாத்திரத் துணியால் மெர்ல் அவன் கண்ணைக் கட்டும்போது, இடது பக்கம் அவன் முகத்துக்கு நேரே இருந்த வேகமானியை எடுத்துவிட்டுப் பசுவைக் குத்தினேன்.

சோதனை தொடங்கியது.

"எரிபொருள் பம்ப்." தொட்டான்.

"விளக்கு." தொட்டான்.

"எண்ணெய் அழுத்தம். ரேடியோ. உயரமானி." எல்லாம் தொட்டான். விரல் ஒரு முறைகூடத் தயங்கவில்லை. இருட்டில் தன் வீட்டுப் படியில் இறங்குகிறவன் மாதிரி இருந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆனால் ஒன்றிரண்டு தட்டலோடு அது நின்றுபோயிற்று.

"பாத்திரத்துக்கு வேற ஆளைப் பாருங்கடா" என்று சொல்லிக்கொண்டே வெர்லின் துணியை அவிழ்த்தான்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவன் பேனலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை பார்த்தான். பிறகு விரலை நேரே கொண்டுபோய்ப் பசுவின் நாக்கின்மேல் வைத்தான்.

"நல்லா வரைஞ்சிருக்க நோரீன். வேகமானி கண்ணுக்கு நேரா இருக்கு. எழுத்துகூட பளிச்சுன்னு இருக்கு. இதை மட்டும் நகத்திடாத."

குறும்புக்கு எதிர்க் குறும்பு என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் மற்றவர்களைப் பார்த்தேன். விமானத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் பசுவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவன் மட்டும் களுக்கென்றான். ஹார்லன் அவன் விலாவில் முழங்கையால் இடித்தார்.

அந்த இடிதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது.

திருகி வைத்த டயல்கள், உருண்டையும் முக்கோணமுமாகக் கேட்ட ஸ்விட்சுகள், பேசும் பெட்டி. இதே மாதிரி நான் ஏற்கெனவே ஒருமுறை வரைந்திருக்கிறேன். மலைச்சரிவு வீட்டில் இருக்கும் ஷ்ரோடல் அம்மாளுக்கு, கண் மங்கிக்கொண்டே வந்த வருடத்தில். சர்க்கரைக்கு உருண்டைப் பிடி, உப்புக்குச் சதுரப் பிடி, அடுப்பு எரிகிறதா என்று தெரிய ஒரு 'டிக்' சத்தம். என் கையாலேயே ஒரு பார்வையற்றவரின் பேனலை வரைந்துகொண்டிருந்தேன். எனக்கே தெரியாமல்.

கொஞ்ச காலமாக வெர்லின் பேசும்போது என் காதைப் பார்த்துப் பேசுவான். எதையோ மறைக்கிறான், கண்ணைப் பார்க்கக் கூச்சம் என்று நினைத்திருந்தேன். பாதி சரி.

பசுவைப் பிடுங்கி மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வேகமானியைத் திரும்பக் குத்தினேன். அவனுக்குத் தெரியவில்லை.

*

பாத்திரம் கழுவ நானே போனேன். துடைக்க மெர்ல் வந்து நின்றார்.

"எப்பலேருந்து?" என்றேன்.

"எது எப்பலேருந்து?"

"எலிக்குப் பல்செட் கழண்டு விழற அளவுக்குச் சிரிச்ச ஆளு நீ. பசுவுக்கு ஏன் சிரிக்கலை?"

அவர் ஒரே தட்டை ரொம்ப நேரம் துடைத்தார். "ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும். கண்ணு ஓரமெல்லாம் நல்லாத் தெரியுதாம். நடுவுலதான் ஒரு அழுக்கு மாதிரி நிக்குதாம்."

"ஓடுபாதை நடுவுலதானே இருக்கும் மெர்ல்."

"அவன் நல்ல பைலட் நோரீன்."

"டாக்டர் பரிசோதனை? போன வசந்தத்துல பாஸ் பண்ணினானே."

மெர்ல் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே ஹார்லன் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு ஹார்லனுக்கும் பரிசோதனை. அவன் முதல்ல உள்ள போயிட்டு வந்து, கண் பரிசோதனைப் பலகையில இருக்கற எழுத்து வரிசையை வண்டியில வெச்சு இவனுக்குச் சொல்லிக் குடுத்தான். இவன் மனப்பாடம் பண்ணிட்டுப் போனான்."

"நல்லா இருக்கு."

"நீ அப்படிப் பாக்காத. ஒருத்தன் சிறகை இன்னொருத்தன் வெட்டறதில்ல, அது இங்க வழக்கமில்ல. எங்க ஒவ்வொருத்தனுக்கும் ஒண்ணு இருக்கு. எனக்கு நெஞ்சு, ஹார்லனுக்கு சர்க்கரை. அவன் தனியாப் பறந்திருந்தா நாங்களே சாவியப் புடுங்கியிருப்போம். நீதான் பக்கத்துல இருந்தியே. நல்லாப் படிக்கிற. அதான் விட்டோம்."

என் கை சோப்புத் தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. "போன ஆகஸ்ட்ல பின் சீட்டுல பிரிட்டா இருந்தா. ஏரியெல்லாம் ஒரே புகைமூட்டம். ஓடுபாதை எப்படித் தெரியுதுன்னு மூணு தடவை கேட்டான். பாடம் நடத்தறான்னு நெனச்சு நான் விளையாட்டா, 'அம்மா மேசைத்துணி விரிச்ச மாதிரி'ன்னு என்னமோ உளறிட்டிருந்தேன். அவன் என் வாயை நம்பி எறக்கிட்டிருந்திருக்கான்."

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"பொய் சொல்லாத மெர்ல். தெரியும்னு நெனச்சிருந்தா அந்தப் பையனை எதுக்கு இடிக்கணும்?"

அவர் அடுத்த தட்டை எடுத்தார். நான் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. "எனக்கு ஏன் கத்துத் தரலை?"

"அவன் கேட்டுக்கிட்டான்." தட்டை அடுக்கின்மேல் வைத்தார். "நீ லைசென்ஸ் வாங்கிட்டா அவனுக்கு என்ன வேலைன்னு கேட்டான். என்னால முடியாதுன்னு சொல்ல முடியலை."

*

வெர்லின் எங்கள் ஹேங்கரில் இருந்தான். மதிய வெயில் கதவு வழியாகப் பாதி இறக்கைவரை வந்திருந்தது. அவன் இடது சீட்டில் உட்கார்ந்து உதட்டால் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்தான்.

"இன்னிக்குப் பாத்திரம் கழுவாத முதல் ஆளு யாருன்னு சொல்லு பாப்போம்."

பையிலிருந்த காகித வட்டத்தை அவன் கையில் வைத்தேன். "இது என்ன?"

முகத்தருகே கொண்டுபோனான். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணின் ஓரத்தால், கோழி பார்ப்பது போலப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"பசு" என்றான். பிறகு, "என் தொப்பி."

"காலையில இது எங்க இருந்துச்சு தெரியுமா?"

அவன் விரல் வேகமானிமேல் போய் நின்றது. எழுத்து பளிச்சென்று இருப்பதாகச் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கழுத்து சிவந்தது.

"எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. ஒருத்தரும் சிரிக்கலை. அவ்வளவு நல்ல சிநேகிதங்க உனக்கு."

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? பேனலை வெட்டின பிறகா? பறந்த பிறகா? பிரிட்டாவுக்குக் கல்யாணம் ஆகி அவ குழந்தையைப் பின்னாடி உக்கார வெச்ச பிறகா?"

"ஒரு தடவையாவது தப்பா எறக்கியிருக்கேனா? சொல்லு. நீ படிச்ச, நான் ஓட்டினேன். ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு நல்ல பைலட் நோரீன். ஒண்ணு சொல்லட்டுமா? கடையில எத்தனையோ கருவி விக்கறான். உன் அளவுக்கு நம்பகமானது ஒண்ணுகூட இல்ல."

அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. வலது பக்கத்தில் எனக்காக வரைந்த பெரிய உயரமானியும் பெரிய வேகமானியும் எனக்காக இல்லை. அவை என் கண்ணுக்குள் போய், வாய் வழியாக அவன் காதுக்கு வருவதற்காக. அட்டையில் ஊசி குத்தாத ஒரே கருவி நான்தான்.

"படிக்கக் கத்துக் குடுத்த. எறக்கக் கத்துக் குடுக்கலை" என்றேன். "நடு வானத்துல உனக்கு நெஞ்சு அடைச்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? உயரத்தைச் சரியா படிச்சுக்கிட்டே வந்து விழுந்திருப்பேன். அதுக்குத்தானா மெர்ல்கிட்ட போய்ப் பேசினது?"

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நீ கத்துக்கிட்டா எனக்கு என்ன மிச்சம்? வலது சீட்டு. ஓரமா ஒரு மூட்டை மாதிரி."

"ரெண்டு வருஷமா அந்த மூட்டை நான்தான் வெர்லின். எனக்கு யாரும் சொல்லலை, அவ்வளவுதான். பழைய விமானத்தோட சாவியக் குடு."

"நோரீன்."

"குடு. இல்லேன்னா இப்பவே போய் அந்தப் பரிசோதனை டாக்டர்கிட்ட சொல்றேன். ஹார்லன் பேரையும் சேர்த்து."

அவன் சட்டைப்பையில் தேடினான். சாவி இருந்தது இன்னொரு பையில். அதை எடுத்து, என் கை இருக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினான். நான் கையை நகர்த்தி வாங்கிக்கொண்டேன்.

*

அடுத்த மாதக் காலைச் சாப்பாட்டுக்கும் போனேன். நான் ஏன் போகாமல் இருக்க வேண்டும்? மெர்ல் தட்டில் பான்கேக் வைத்தார், எப்போதும் கேட்கிற "இன்னொண்ணு?" வரவில்லை. மேசையில் நான் உட்கார்ந்த பக்கம் காலியாகவே இருந்தது. கடைசியில் ஹார்லன் காப்பியோடு வந்து நின்றார். உட்காரவில்லை.

"அவன் இப்ப வீட்டை விட்டு வர்றதில்ல. தெரியுமா?"

"தெரியும். மளிகை நான்தானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"சொந்த அண்ணனை இப்படி மொடக்கிப் போட்டுட்டியே. இன்னும் ரெண்டு கோடை பறந்திருப்பான்."

"யாரோட கண்ணுல ஹார்லன்?"

"எங்கள்ல ஒருத்தனும் இப்படிப் பண்ணியிருக்க மாட்டான்."

"அதான் நான் எங்க உக்காந்திருந்தேன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. சிரப் பாட்டிலை இந்தப் பக்கம் தள்ளு."

தள்ளினார். அதோடு போய்விட்டார். துரோகம் என்ற சொல் அந்த ஹேங்கரில் இருந்தது என்றால், அது என் நாற்காலிக்குக் கீழேதான் கிடந்தது. மற்றவர்கள் எல்லாரும் நல்லவர்கள், ஒரு நண்பனுக்கு விசுவாசமாக இருந்தவர்கள். நான் பள்ளிக்கூடத்தில் அவர்களோடு படித்தவள். அவர்களில் மூன்று பேர் வீட்டுச் சமையலறை நான் வரைந்தது. என்னை வானத்துக்கு அனுப்பும்போது அவர்களில் ஒருவருக்குக்கூட அது நினைவுக்கு வரவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொரு விமானத் திடல் இருக்கிறது. அங்கே எங்கள் யாரையும் தெரியாத ஓர் இளம்பெண் ஓட்டக் கற்றுத்தருகிறாள். வாரம் இருமுறை போனேன். முதல் நாளே தரையை விட்டு எழுந்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "வேகம் எழுபது. உயரம் ஆயிரத்து இருநூறு. வேகம் எழுபத்தஞ்சு."

அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு வந்தாள். "நல்லாப் படிக்கறீங்க. ஆனா யாருக்குச் சொல்றீங்க?"

என் கண் வேகமானியிலேயே இருந்தது.

"படிக்கறதை விடுங்க. வெளிய பாருங்க" என்றாள். வெளியே பார்த்தேன். தலை குனிந்தே இரண்டு கோடை பறந்திருக்கிறேன். எங்கள் ஏரியின் முழு வடிவத்தை அன்றுதான் பார்த்தேன். வாயை மூட இன்னும் பல வாரங்கள் ஆயின.

*

வசந்தம் முடியும்போது உண்மையான பேனலை வெட்டத் தொடங்கினேன். பழைய அட்டையைக் கிழித்துப் புதிதாக வரைந்தேன், என் கை நீளத்துக்கு. என் கை வெர்லினின் கையைவிட நாலு விரல் குட்டை. டயல்களில் எண்கள் நேராக நின்றன. ஸ்விட்ச் தலைகள் எல்லாம் ஒரே மாதிரி, பக்கத்தில் எழுத்து. பேசும் பெட்டி கிடையாது. அலுமினியத் தகட்டின் இடது பாதியில் வட்ட வட்டமாக ஓட்டைகள் விழுந்தன. வலது பாதியைத் தொடவில்லை.

ஒரு நாள் காலை வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம். ஹார்லன் வெர்லினை வாசலில் இறக்கிவிட்டு, என்னைப் பார்க்காமலேயே திரும்பிப் போனார்.

வெர்லின் மெதுவாக நடந்து வந்தான். கதவு எங்கே, இறக்கை நுனி எங்கே, தரையில் ஒயர் எங்கே ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியும். எல்லாம் அவன் போட்டது. மேசையில் கிடந்த தகட்டின் பக்கம் வந்து நின்றான்.

"வெட்டியாச்சா?"

"பாதி."

கையை வைத்தான். இடது பக்கத்து ஓட்டைகளின் விளிம்பை விரலால் சுற்றி வந்தான். ஒவ்வொன்றும் என்ன என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். எல்லாம் இடம் மாறியிருந்ததால் இரண்டைத் தப்பாகச் சொன்னான். பிறகு கை வலது பக்கம் வந்தது. வழவழப்பான தகட்டின்மேல் ஓரம்வரை போயிற்று, திரும்பி வந்தது, இன்னொருமுறை போயிற்று.

"இங்க என்ன வரும்?"

"ஒண்ணும் வராது."

"ஒரு உயரமானியாவது போடு. கூட வர்றவனுக்கு என்ன உயரத்துல இருக்கோம்னு தெரிய வேண்டாமா?"

"எனக்குத் தெரிஞ்சுதா?"

அவன் என் காதைப் பார்த்தான். கண்ணின் ஓரத்தில் மட்டும் நான் தெரிகிறேன், அவனுக்கு அதுதான் என் முகம் என்று இப்போது எனக்குத் தெரியும். அது தெரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்றுதான் இத்தனை வாரம் காத்திருந்தேன்.

"பாதி விமானம் என்னோடது நோரீன்" என்றான். குரலில் சண்டை இல்லை.

"ஆமா. வலது பாதி."

"என்னைக் கூட்டிட்டுப் போவியா?"

"லைசென்ஸ் வரட்டும். அப்பவும் எனக்குத் தெரியலை வெர்லின். உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா என் வாய் திரும்பப் படிக்க ஆரம்பிச்சிரும்."

அவன் தலையாட்டினான். கையை மட்டும் எடுக்கவில்லை. "அப்படின்னா இங்க தகடு மட்டும்தான்."

"தகடும், அது அதிராம இருக்க நாலு திருகும்."

அவன் உள்ளங்கை இன்னும் அங்கேயே விரிந்து கிடந்தது. முதல் திருகுக்கு நான் குறித்த புள்ளி அவனுடைய இரண்டு விரல்களுக்கு நடுவில் இருந்தது. டிரில்லைக் கையில் எடுத்தேன்.

"கைய எடு" என்றேன். "ஓட்டை போடப் போறேன்."